கட்டிலின் நாலாவது கால்

அருணகிரி: கடைசல் கயித்த உடு புள்ள... உடுன்னா உடோணும்.

பெரியநாயகி: இப்பத்தான இழு இழுன்னீங்க?

அருணகிரி: அது அப்ப. இப்ப உடுங்கறேன். சித்த இப்படி வந்து இந்தக் கணுவப் பாரு.

பெரியநாயகி: பாத்தேன். கணு.

அருணகிரி: கணுன்னு எனக்குத் தெரியாதா? எந்தப் பக்கமாச் சாஞ்சிருக்குதுன்னு பாரு.

பெரியநாயகி: நான் கயிறு இழுக்கறவ. உளி புடிக்கறவங்க நீங்கதான் சொல்லோணும்.

அருணகிரி: மரத்துல கெளை எப்படிப் போகும்? மேல பாத்துப் போகும். அப்ப கணுவும் மேல பாத்துத்தான் சாஞ்சிருக்கோணும். இது... இது கீழ பாத்துக்கிட்டு இருக்குதே!

பெரியநாயகி: மேல அரக்குச் சாயம் ஏத்திட்டா கணுவே தெரியாதுங்களே.

அருணகிரி: அட கெரகமே! மூணு காலு ஒழுங்கா முடிஞ்சுது. நாலாவதத் தலைகீழாக் கடைஞ்சுபோட்டேன்டி!

பெரியநாயகி: மெல்லப் பேசுங்க. பக்கத்து ஊட்டுல எல்லாத்துக்கும் காது இருக்குது.

அருணகிரி: எப்படி ஆச்சு? கவுண்டரு தோட்டத்துக் கெணத்து மேட்டுல மரத்த அறுத்த அன்னைக்கே நாலு கட்டைக்கும் அடிப்பக்கமாச் சுண்ணாம்புப் பொட்டு வெச்சேனே! நீயுந்தான பக்கத்துல நின்ன?

பெரியநாயகி: நின்னேன். வெச்சீங்க.

அருணகிரி: காத்தால இந்தக் கட்டையப் பட்டறையில மாட்டறப்பக்கூடப் பொட்டப் பாத்துத்தான் மாட்டுனேன். பொட்டு இந்தப் பக்கந்தான் இருந்துச்சு.

பெரியநாயகி: அப்ப அறுத்த அன்னைக்கே மாத்தி வெச்சிருப்பீங்க.

அருணகிரி: நானா? நானு மாத்தி வெப்பனா?

பெரியநாயகி: அன்னைக்கு வெயிலுங்க... கவுண்டரு ஊட்டுக் கள்ளு வேற...

அருணகிரி: ஒரு மொந்தை.

பெரியநாயகி: ரண்டு.

அருணகிரி: ரண்டாவது பாதிதான்! அறுப்புக்காரங்களுக்கு ஊத்துனாங்க, எனக்கும் ஊத்துனாங்க. வேண்டாங்க முடியுமா? அவங்க கெடைச்சதே பெரிய காரியம். அறுப்புக்காரன், கயிறு இழுக்கறவன், மண்ணு சொமக்கறவன்னு அத்தன பேரும் மேட்டூரு அணை வேலைக்கு ஓடிட்டானுங்க...

பெரியநாயகி: அதனாலதான நானு கயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். கையப் பாருங்க, காச்சுப்போச்சு.

அருணகிரி: உன்ற கை கெடக்குது. இப்ப இதுக்கு என்ன பண்றது?

பெரியநாயகி: அரக்கு ஏத்துங்க.

அருணகிரி: ஏத்துனா?

பெரியநாயகி: செவச்செவன்னு இருக்கும்.

அருணகிரி: வெளையாடாத புள்ள! மரம் நின்ன மாதிரியே காலும் நிக்கோணும். அடி கீழ, நுனி மேல. தலைகீழ்க் காலு வெச்ச கட்டில்ல புருசம் பொண்டாட்டி படுத்தா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?

பெரியநாயகி: என்னங்க ஆகும்?

அருணகிரி: அந்த ஊட்டுல ஆம்பள சொல்லு நிக்காது. பொம்பள சொன்னதுதான் நடக்கும்.

பெரியநாயகி: ஐயோ... அப்படியெல்லாமா ஆகும்?

அருணகிரி: சிரிக்கறயா?

பெரியநாயகி: தும்மல் வந்துச்சுங்க. மரத்தூளு.

அருணகிரி: உனக்கென்ன, நம்மூட்டுல அந்தக் கவலை இல்ல. நானு ஒண்ணு சொன்னா மறுபேச்சு உண்டா?

பெரியநாயகி: ஏதுங்க...

அருணகிரி: அப்படியிருக்கோணும்.

பெரியநாயகி: போன வாரம் கடைஞ்ச பம்பரத்தையெல்லாம் எடுத்துக்கிட்டுச் சேலத்துக்கு விக்கப் போறேன்னீங்க. சலகண்டாபுரத்துல தறிக்காரங்களுக்கு நூலு சுத்தற தார்க்குச்சி கடைஞ்சு குடுத்தா கையில காசு வரும்னு நானு சொன்னேன். எங்க போனீங்க?

அருணகிரி: சலகண்டாபுரம். அது நானா ரோசன பண்ணிப் போனது.

பெரியநாயகி: ஆமாங்க.

அருணகிரி: பேச்ச மாத்தாத. வேற கட்டை இருந்தா இன்னொரு காலு கடைஞ்சுபோடுவேன். கவுண்டரு பொண்ணுக்குப் போற கட்டிலு பொறந்த ஊட்டு மரமா இருக்கோணும். அதுவும் ஒரே மரம். மிச்சத்தக் கவுண்டரு நொகத்துக்கும் ஏத்தத்துக்கும் எடுத்துட்டாரு. இருந்தாலும் பச்ச மரத்துல கடைஞ்சா வெடிச்சுப்போகும். இந்த நாலு கட்டையவும் சாணி பூசி ஆறு மாசம் நெழல்ல காயப்போட்டுல்ல எடுத்தேன்?

பெரியநாயகி: கண்ணாலம் நாளைக் கழிச்சு.

அருணகிரி: அதத்தான் சொல்றேன்... அந்தத் துண்ட எடு.

பெரியநாயகி: எதுக்குங்க?

அருணகிரி: தோட்டத்துக்குப் போயி மயில்சாமிக் கவுண்டருகிட்ட உள்ளதச் சொல்லிட்டு வாரேன்.

பெரியநாயகி: என்னங்க இது? சொன்னா கூலி வருமா? ரண்டு ரூவா, ஆறு வள்ளம் கம்பு. அடுக்குப் பானையில வந்து எட்டிப் பாருங்க, என்ன கெடக்குதுன்னு.

அருணகிரி: கம்பு போனாப் போவுட்டும். அருணகிரி ஆசாரி கடைஞ்ச காலு தலைகீழ்னு நாளைக்கு நாலு பேரு சொன்னா, அப்பறம் இந்த ஊருல எவன் கட்டை கொண்டாந்து குடுப்பான்? எங்கப்பன் சம்பாரிச்ச பேருடி அது. காசத் தொலைச்சா சம்பாரிச்சுக்கலாம்.

பெரியநாயகி: யாருக்குத் தெரியப்போகுது?

அருணகிரி: எனக்குத் தெரியுதே! தெரிஞ்சே எப்படிக் குடுப்பேன்? துண்ட எடுங்கறேன்.

பெரியநாயகி: துண்டத் தொவச்சுப் போட்டிருக்கறேன். ஈரம்.

அருணகிரி: ஈரத்துண்டோடயே போறேன்.

பெரியநாயகி: சித்தப் பொறுங்க... கம்மங்கூழு கரைச்சு வெச்சிருக்கறேன், குடிச்சுட்டுப் போங்க. பசி வயித்தோட போயி வாய் தவறி என்னத்தையாச்சும்...

அருணகிரி: பானையில ஒண்ணுமில்லன்னு இப்பத்தான சொன்ன?

பெரியநாயகி: ஒரு டம்ளருக்கு இருக்குது.

அருணகிரி: வழிய உடு.

சென்னியம்மாள்: ஆசாரி! இருக்கறயாப்பா? வண்டியோட வந்துட்டேன்.

பெரியநாயகி: அப்பாடா... வாங்காத்தா, வாங்க! கவுண்டரு ஊட்டு ஆத்தா வந்துட்டாங்க, பாருங்க. பலகை போடறேன், உக்காருங்க.

சென்னியம்மாள்: உக்காரறதுக்கு நேரமேது அம்முணி? ஊடு நெறைய ஒறம்பரைச் சனம். காலு ஆச்சா? சட்டமெல்லாம் தயாராக் கெடக்குது. ஆசாரி நாளைக்கு வந்து மாட்டிக் குடுத்தாச் சரி. வண்டிக்காரக் கருப்பண்ணன் தெருமொனையில வண்டியப் புடிச்சுக்கிட்டு நிக்கறான்.

பெரியநாயகி: ஆயிருச்சுங்காத்தா. மூணு முடிஞ்சுது. நாலாவதுக்கு அரக்கு ஏத்தறது ஒண்ணுதான் பாக்கி.

அருணகிரி: ஆத்தா... ஒரு சங்கதிங்க.

பெரியநாயகி: ஒண்ணுமில்லீங்காத்தா. அவருக்குக் காத்தால இருந்து தலைவலி.

அருணகிரி: தலைவலி இல்லீங்க. இந்த நாலாவது காலு...

சென்னியம்மாள்: நல்லா இருக்குதப்பா. தொட்டா கை வழுக்குது.

அருணகிரி: தலைகீழுங்க.

சென்னியம்மாள்: என்ன கீழ?

அருணகிரி: தலைகீழ்! நுனி அடியாப் போச்சு, அடி நுனியாப் போச்சு. என்ற தப்புதானுங்க. வேற கட்டை இல்ல. இதக் கட்டில்ல மாட்டக் கூடாதுங்க. ஆறு மாச வேல போனாப் போவுட்டும், எனக்குக் கூலியும் வேண்டாம்.

சென்னியம்மாள்: வெளிய ஏதோ கத்துது. என்ன சொன்னயின்னு காதுல உழுகல.

அருணகிரி: இத இங்க பாருங்க, இந்தக் கணு...

சென்னியம்மாள்: எனக்குக் கிட்டத்துப் பார்வை போயி நாலு வருசமாச்சு.

அருணகிரி: போன வாரம் மொதக் காலு அரக்குல ஒரு மயிரு ஒட்டியிருக்குதுன்னு எடுத்துக் காட்டுனீங்களே ஆத்தா!

சென்னியம்மாள்: அது வெளிச்சத்துல. இங்க இருட்டா இருக்குதே.

அருணகிரி: சரிங்க. உங்களுக்குப் புரியலீன்னா நானே போயிக் கவுண்டருகிட்டச் சொல்லிக்கறேன்.

சென்னியம்மாள்: கவுண்டருகிட்ட வேண்டாம்!

பெரியநாயகி: கவுண்டருகிட்ட வேண்டாமுங்க!

அருணகிரி: ரண்டு பேரும் ஏன் ஒட்டுக்காக் கத்தறீங்க?

சென்னியம்மாள்: அது... அவரு கோவக்காரரு. உனக்குத் தெரியாதா? கண்ணால ஊட்டுல அபசகுனமாட்ட... இங்க பாரு ஆசாரி, உக்காரு. நானும் உக்காந்துக்கறேன். மாப்பிள்ள ஊட்டச் சேதி தெரியுமா உனக்கு?

அருணகிரி: நல்ல பண்ணையம்னாங்க. நாலு சோடி காளை.

சென்னியம்மாள்: காளைக்கு ஒண்ணும் கொறச்சலில்ல. மாப்பிள்ள இருக்கறானே, ஆத்தாளக் கேக்காம வேட்டி மாத்த மாட்டான். அவ கெழக்கன்னா கெழக்கு, மேக்கன்னா மேக்கு. அவளா, நாக்குல நெருப்ப வெச்சிருக்கறவ. மூத்த மருமவ மூணு மாசத்துல பொறந்த ஊட்டுக்கே திரும்பிப் போயிட்டா.

பெரியநாயகி: பாவமே.

சென்னியம்மாள்: என்ற மவ செல்லியம்மா வாயத் தொறந்து பசிக்குதுன்னு கேக்காது. நானாப் பாத்து வட்டில்ல போட்டாத்தான் சாப்புடும். அது போயி அந்த ஊட்டுல என்னத்தப் பேசும்? எனக்கு நாலு நாளாச் சோறு எறங்கல ஆசாரி.

அருணகிரி: அழுவாதீங்காத்தா... அதுக்குத்தான நானும் சொல்றேன், இப்படிப்பட்ட எடத்துக்குக் குத்தமுள்ள கட்டில எப்படிக் குடுத்துத் தாட்டி உடறதுன்னு...

சென்னியம்மாள்: ஏன் அம்முணி, உன்ற ஊட்டுக்காரரு எப்பவுமே இப்படித்தானா?

பெரியநாயகி: நல்லவருங்காத்தா. புரியறதுக்குக் கொஞ்சம் நேரமாகும்.

அருணகிரி: என்ன புரியோணும்?

சென்னியம்மாள்: அரக்கு ஏத்தோணும்னு புரியோணும். செவப்பரக்கு. ரண்டு தரம் ஏத்து, கெட்டியா இருக்கோணும். குத்தம் இருந்தா அது என்னோட போவுட்டும். என்ற புள்ளைக்கு நான் பாத்துக் குடுக்கற கட்டிலு. உன்ற பேரு கெடாது, என்னைய நம்பி ஏத்து.

அருணகிரி: நாளைக்கு யாராச்சும் கேட்டா?

சென்னியம்மாள்: யாரு கேப்பா? நாலும் நேருன்னு சூடம் அணைச்சே சொல்லுவேன்.

அருணகிரி: ஆத்தா, சூடமெல்லாம்...

சென்னியம்மாள்: அம்முணி, கயித்தோட அந்தத் தலைய நீ புடி. இந்தத் தலைய நான் புடிக்கறேன்.

பெரியநாயகி: நீங்களாங்காத்தா? கை காச்சுப்போகுமுங்க.

சென்னியம்மாள்: பத்து வயசுல இருந்து கெணத்துல தண்ணி சேந்துனவ நானு. இழு!

அருணகிரி: மெல்ல, மெல்ல... ஒரே சீரா இழுங்க. அரக்கு எளகோணும்... ம். இப்பச் சரி. மினுக்கறதுக்கு அந்தத் தாழ மட்டைய இப்படித் தள்ளி உடு புள்ள... ஏத்திட்டேன், மினுக்கறேன். என்ற கையாலயே ஏத்திட்டேன். எங்கப்பன் மேல இருந்து பாத்துக்கிட்டு இருப்பாரு.

பெரியநாயகி: பாக்கட்டுமுங்க. அவரு ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு.

சென்னியம்மாள்: அப்பா! மொகம் தெரியுது பாரு அதுல. போதும். இந்தா ஆசாரி, ரண்டு ரூவா. தட்டிப் பாத்துக்க.

அருணகிரி: தட்டறதென்னங்க, உங்க கையால குடுக்கறது.

சென்னியம்மாள்: கம்ப வண்டியில இருந்து எறக்கச் சொல்றேன். வண்டிக்குப் பொறத்தால செவலைக் கெடேரிக் கண்ணு ஒண்ணு கட்டியிருக்குது. அதையும் அவுத்துக்க.

அருணகிரி: கெடேரியா? அது பேச்சுல இல்லீங்களே!

சென்னியம்மாள்: உனக்கில்லப்பா, அம்முணிக்கு. கயிறு இழுத்த கூலி. ஏன் அம்முணி, சரிதான?

பெரியநாயகி: சரிதானுங்காத்தா. கண்ணாலம் நல்லபடியா நடக்கட்டும். செல்லியம்மாளுக்கு இனி ஒரு கொறையும் வராது.

சென்னியம்மாள்: வராது. வராதுன்னு கட்டிலே சொல்லுது. நான் வாரேன்.

பெரியநாயகி: என்னங்க, நின்னுக்கிட்டே இருக்கறீங்க?

அருணகிரி: ஆறு மாசமாக் கட்டையக் காயவெச்சுக் கடைஞ்சவனுக்கு ரண்டு ரூவாயும் கம்பும். பத்து நாளு கயிறு இழுத்தவளுக்குக் கெடேரியா?

பெரியநாயகி: கயிறு இழுக்கறது லேசான வேலையாங்க?

அருணகிரி: நாயகி... எம்மொகத்தப் பாரு.

பெரியநாயகி: பாத்தேன்.

அருணகிரி: அந்தப் பொட்டு...

பெரியநாயகி: நாந்தான் அழிச்சேன். அழிச்சுட்டு நுனிப்பக்கம் வெச்சேன். கட்டை காயப்போட்ட மறு வாரமே ஆத்தா வந்து என்ற கையப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. என்ன பண்ணச் சொல்றீங்க?

அருணகிரி: அடிப்பாவி! என்ற கள்ளு மேல பழியப் போட்டயே!

பெரியநாயகி: அது ரண்டு மொந்தைதானுங்க.

அருணகிரி: ரண்டு பொம்பளைங்க சேந்து என்னைய... போ, இப்பவே போயி அந்தக் கெடேரியத் திருப்பிக் குடுத்துட்டு வா. நான் சொல்றேன்!

பெரியநாயகி: ம்.

அருணகிரி: எங்கப்பன் இப்படி ஒரு காரியத்துக்கு ஒத்திருப்பாரா? ஊரே கூடி வந்து கால்ல உழுந்தாலும் ஒரு காலு தலைகீழாக் கடைஞ்சிருப்பாரா? நாம படுக்கற கட்டிலயே எடுத்துக்க. உங்க ஊட்டு வேம்பு, எங்கப்பன் கை. நாலு காலும் அடி அடியா, நுனி நுனியா...

பெரியநாயகி: அதுல ரண்டு தலைகீழுங்க. என்னப் பெத்த ஆத்தா உங்கப்பனுக்குக் கறக்கற மாட்டையே கண்ணுக்குட்டியோட புடிச்சுக் குடுத்தா... போங்க, கெடேரிக்குத் தண்ணி காட்டுங்க.