ஒட்டுத் தெரியாத பதிவு

எந்த நாடாவிலும் கொஞ்சம் இரைச்சல் இருக்கும். சற்று நேரம் கேட்டால் காது அதை விட்டுவிடும். நாடாவில் பதிவதா, கம்ப்யூட்டரில் பதிவதா, எது நல்லது என்று கேட்கிறீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பதினைந்து வருடமாக ரிக்கார்டிங் கடை வைத்திருக்கிறேன். ஒரே குரலை இரண்டிலும் வைத்து நான் பார்த்த வேலை ஒன்றைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

முத்துப்பேச்சி சுந்தரபாண்டியத்துக்காரி. புருஷன் கருத்தையா மஸ்கட்டில் ஃபிட்டர். எண்பத்தேழில் ஆள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். அவன் வாங்கி அனுப்பிய டேப்ரிக்கார்டர் அவள் வீட்டிலும் இருந்தது. ஆனால் அது மாமியார் அறையில். கொழுந்தன்மார் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது புருஷனிடம் என்ன பேசிவிட முடியும்? அதனால் மாதம் ஒருமுறை மகள் சந்தனத்தைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வருவாள். அவன் அனுப்பும் கேசட்டும் கடை விலாசத்துக்கே வரும். அதை இங்கேயே கேட்பாள், இங்கேயே பதில் பேசுவாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் ஹெட்போனோடு நான். பெரிய ஸ்பூல் நாடாவில் பதிந்து, கேசட்டுக்கு மாற்றி, தபாலில் சேர்ப்பது என் பொறுப்பு.

நிறையப் பேசுவாள். கேசட் கொள்ளாது. முதல் தடவை அதற்காகத்தான் நாடாவில் பிளேடு வைத்தேன். வீட்டுக்கு ஃபேன் வேண்டும், மாமியாருக்குக் கண்ணாடி வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிய வேண்டிய விஷயம். “நீங்க இல்லாம சோறு எறங்கல” என்பது அப்படியல்ல. அதை எடுத்துவிட்டேன். அடுத்த கேசட்டில், “என்ன புள்ள, லிஸ்ட் வாசிக்க மாதிரி பேசுத?” என்று கேட்டிருந்தான். அவள் அழுதாள். தனக்குத்தான் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்று நினைத்து இன்னும் அதிகமாகப் பேசினாள். நானும் அதிகமாக வெட்டினேன்.

மறைப்பதற்கு ஒன்றுமில்லை, எனக்கு வயிறெரிந்தது. அந்தக் குரலில் என்னிடம் யாரும் பேசியதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இரண்டு பேரை வாடவைக்க முடிகிறது என்பதும் எனக்குப் பிடித்திருந்தது. வெட்டிய துண்டுகளைத் தேதி எழுதிப் பழைய பால்கோவா டப்பாவில் போட்டுவைத்தேன். நாடாவைக் குப்பையில் போட எனக்கு மனம் வராது.

எண்பத்தொன்பது மார்கழியில் வந்த கேசட்டில் அவன் ஒன்றைத்தான் கேட்டான். “முடியல முத்து. எல்லாத்தையும் போட்டுட்டு வந்துரட்டுமா? நான் வேணும்னா வான்னு ஒரு வார்த்த சொல்லு.”

அவள் பத்து நிமிடம் பதில் சொன்னாள். அந்தப் பத்து நிமிடத்தையும் எடுத்துவிட்டேன். ஃபேனும் கண்ணாடியும் மட்டும் மஸ்கட் போய்ச் சேர்ந்தன.

மாசியில் உடல் வந்தது. தற்கொலை என்று காகிதத்தில் எழுதியிருந்தது. அவள் அனுப்பிய கேசட்டெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் கூடவே வந்தன. நான் மாலையோடு போய்வந்தேன்.

எட்டு வருடம் அந்தப் பெட்டியை அவள் திறக்கவில்லை. தொண்ணூற்றெட்டில் ஒரு நாள் கேசட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். பூஞ்சை பிடித்து ஒன்றுகூட ஓடவில்லை.

“அண்ணாச்சி, இத ஓட வச்சுத் தாங்க. நான் எதச் சொல்லாம விட்டேன்னு ஒரு தடவ கேக்கணும். அது தெரியாம எனக்குச் சாவு வராது.”

“கேசட்டாவே வேணுமா, சி.டி.யாப் போட்டுத் தரவா?”

“எனக்கென்ன தெரியும்? எது நல்லதோ அதுல போடுங்க.”

இரண்டு நாள் யோசித்தேன். கேசட்டையே துடைத்து ஓட வைத்தால், வெட்டி ஒட்டிய இடங்களில் ‘டிக்’ என்று கேட்கும். பத்து நிமிடம் காணாமல் போனதும் தெரியும். எல்லாம் அழிந்துவிட்டது என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் எதைச் சொல்லாமல் விட்டோமோ என்ற சந்தேகம் மட்டும் என்றால் நாள்பட ஆறிப்போகும். அது எனக்குப் பிடிக்கவில்லை.

கடையில் எடுத்துவைத்திருந்த ஸ்பூல்களைப் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் ஏற்றினேன். டப்பாவில் கிடந்த துண்டுகளையும் ஏற்றி, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் சேர்த்தேன். கம்ப்யூட்டரில் ஒட்டுத் தெரியாது. இரைச்சலையும் எடுத்தேன். அன்றைக்கு அவள் பேசியது மூச்சு உட்பட அப்படியே வந்துவிட்டது. பிறகு கேசட்டுகளையும் ஸ்பூல்களையும் கொல்லையில் போட்டு எரித்தேன்.

கடையில் உட்கார்ந்தே முழுவதும் கேட்டாள். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“வந்துருங்க, வந்துருங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன். இம்புட்டையும் கேட்டுட்டா அண்ணாச்சி அவிய அப்படிப் பண்ணுனாக?”

“ஒண்ணு விடாமக் கேட்டிருப்பாரும்மா,” என்றேன்.

அவள் அழவில்லை. சி.டி.யை முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

சந்தனம் இப்போது இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன வாரம் வந்திருந்தாள். அம்மா யாரிடமும் பேசுவதில்லையாம், சரியாகச் சாப்பிடுவதில்லையாம், விடிந்தால் அதையே போட்டுக் கேட்கிறாளாம். நாடாவாக இருந்தால் இதற்குள் தேய்ந்திருக்கும். இது எத்தனை தடவை போட்டாலும் தேயாது என்று அந்தப் பெண்ணிடமும் சொன்னேன்.

ஆகவே நீங்களும் டிஜிட்டலிலேயே பதிந்துகொள்ளுங்கள். என் வேலையை யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். முத்துப்பேச்சிக்கு அவள் பேசியதில் ஒரு சொல்லைக்கூட நான் குறைத்துக் கொடுக்கவில்லை.