பின்னால் குதிக்கும் ஆட்டக்காரன்

மாலை ஐந்தே முக்கால் டிராமில், மடியில் பந்தோடு இருந்த கூடைப்பந்துக் கேப்டன், பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்:

"உன் தம்பி பந்து போடசொல்ல இன்னாத்துக்கு நைனா பின்னால குதிக்கிறான்? பயமா, இல்ல எதிர் டீமுக்கு வேண்டியவனா?"

"பழகுன எடம் அப்படி சார். வளையத்துக்கு அடியில கிணறு கீது. முன்னால குதிச்சா உள்ளதான்."

"கிணத்து மேலயா வளையம் மாட்டுவாங்க?"

"வீட்டுக்காரர் அந்த ஒரு சொவத்துலதான் ஆணி அடிக்க வுட்டாரு."

"கதை நல்லாத்தான் கீது. அங்க நானே போட்டுப் பாக்கறேன். அப்புறந்தான் ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல அவனைச் சேக்கறதா வேணாமான்னு சொல்வேன்."

குளத்தங்கரை வரை சீட்டு எடுத்திருந்த இருவரும் அந்தக் கிணற்று வீடு இருந்த லஸ் நிறுத்தத்திலேயே இறங்க எழுந்தார்கள். படியில் கால் வைத்த பிறகு கேப்டன் கேட்டார்:

"கிணறு எவ்ளோ ஆழம்?"