இல்லாத டேங்குக்கு பெயிண்ட்

கட்டவே கட்டாத தண்ணி டேங்குக்கு பெயிண்ட் அடிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க? ஜமுனாமரத்தூர் பஸ்ல என் முன் சீட்டுல ஒரு அக்கவுண்ட்ஸ் மேடமும் பஞ்சாயத்து கிளார்க்கும் இதுக்குத்தான் செம சண்ட.

"மூணு வாட்டி அடிச்சதா எழுதியிருக்குது. டேங்க் எங்கங்க?"

"எனக்கு முன்னாடி இருந்தவரு எழுதனது மேடம், நான் இன்னா பண்றது? பழைய புக்குல இருக்கறத அப்படியே புது புக்குல ஏத்திட்டா வேல முடிஞ்சிது."

"இத்தினி நாளு செலவ மட்டும் எழுதனோம். இனிமே பஞ்சாயத்துக்கு இன்னா சொத்து இருக்குதுன்னும் எழுதணும். இந்த மொறைய கொண்டு வர்றதுக்கு எட்டு வருசம் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சவ நான். கண்ணால பாக்காம கையெழுத்து போடமாட்டேன்."

"ஒரே ஒரு டேங்க்தானே மேடம், வுடுங்களேன்."

"புக்குல டேங்க் இருக்கற வரைக்கும் அந்த ஊருக்கு புது டேங்க் தரமாட்டாங்க. பொம்பளைங்க கொடத்த தூக்கினு ஊத்துக்கு எறங்கி ஏறிட்டே இருக்கணும். ஒங்க வூட்டுல கொழா இருக்குதா, இல்லியா?"

கிளார்க்கு மடியில இருந்த ஃபைல மூடிட்டாரு.

"இருக்குது மேடம்."

"அப்ப அந்த ஊரு ஸ்டாப்புல எறங்குங்க. நேர்ல பாத்துட்டு, டேங்க் இல்லன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடலாம்."

"ஸ்டாப்புலேந்து ரெண்டு கிலோமீட்டர் மேடு மேடம், ஜீப்பு கூட கெடைக்காது. ஒங்களுக்கு முட்டி வலி வேற."

"முட்டி என்னுது. நீங்க ஃபைல தூக்குங்க."

கண்டக்டர் விசில் அடிச்சாரு, எறங்கிட்டாங்க. இப்ப ஜன்னல்ல பாத்தா, மேடம் முன்னாடி மேடு ஏறிட்டு இருக்காங்க, கிளார்க்கு ஃபைலோட பின்னாடி போறாரு.