பூஜை அறையில் மூன்றாவது மெஷின்

“…சாமி ரூம்லதான் வச்சிருக்கேன். மேல பட்டுத் துணி போட்டு மூடியாச்சு. உங்க அக்கா பூ வேற வச்சிருக்கா.”

காஜா பெராங் போகும் பஸ் பண்டார் ஹிலிர் நிறுத்தத்திலிருந்து இன்னும் கிளம்பவில்லை. காப்பியைக் குடித்து முடித்தால்தான் பஸ் என்று ஓட்டுநர் எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு முன் சீட்டில் லட்டுப் பொட்டலத்தோடு ஒரு பெரியவர், பக்கத்தில் அவருடைய மச்சான்.

“எதை அத்தான்?”

“பழப் படம் சுத்துற சூதாட்ட மெஷினைத்தான். கிளப்புல மூணு ஓட்டினேன்ல? முன்ன மொத்தமா ஒரே வரி. இப்ப மெஷினுக்கு மெஷின் வரியாம், யாரும் ஆடாட்டியும் கட்டணுமாம். ரெண்டுதான்னு கணக்குக் காட்டிட்டு மூணாவதை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டேன்.”

“ஐயோ! இன்னிக்கு நம்ம பிள்ளையைப் பெண் பார்க்க வர்றாங்களே!”

“வரட்டும்லா. சாமி கும்பிடுவாங்க, போவாங்க. துணியை விலக்கியா பார்ப்பாங்க?”

“மாப்பிள்ளையோட தாய்மாமனும் வர்றாரு. அவருக்கு என்ன வேலை தெரியுமா?”

“கவர்மெண்ட் கிராணி, ஏதோ குமாஸ்தா வேலைன்னு தரகர் சொன்னாரு.”

“வரி ஆபீஸ் கிராணி, அத்தான்! கிளப் கிளப்பாப் போய் மெஷினை எண்ணுறதே அவர்தான்!”

பெரியவர் சீட்டை விட்டு எழுந்துவிட்டார்.

“எப்ப வர்றாங்க அத்தான்?”

“இந்நேரம் வாசல்ல செருப்புக் கழட்டிட்டு இருப்பாங்கடா!”

லட்டுப் பொட்டலத்தை மச்சான் மடியில் போட்டுவிட்டு இறங்கி ஓடினார். நேரே காப்பிக் கடைக்குள் நுழைந்தவர், ஓட்டுநர் சாவகாசமாக ஊதிக்கொண்டிருந்த கோப்பையைப் பிடுங்கி, சூட்டோடு சூடாகத் தானே குடித்துத் தீர்த்தார்.