காற்றுப் பிடிக்காத புள்ளி

"அந்தப் புள்ளிக்குக் காத்துப் பிடிக்குமோ, பிள்ளை?"

முருங்கனிலிருந்து மன்னாருக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டிலிருந்த பெரியவர் மருமகளின் போனை எட்டிப் பார்த்துக் கேட்டார். முந்தின நாள் கடலுக்குப் போன மகன் இன்னும் கரை திரும்பவில்லை என்பது அவர்கள் பேச்சில் தெரிந்தது.

"இல்லை மாமா. காலமை எஞ்சின் நிண்டிட்டுது எண்டு வொயிஸ் போட்டவர். இந்த லொகேஷனையும் அனுப்பினவர். பிறகு போன் ஓஃப்."

"காத்து எந்தப் பக்கம் எண்டு சொன்னவனோ?"

"அதொண்டும் சொல்லேல்லை. புள்ளி அப்பிடியே நிக்குது. அவர் அங்கைதான் நிப்பார்."

"புள்ளி நிக்கும். வள்ளம் நிக்காது."

பஸ் பாலத்தில் ஏறி, நெரிசலில் நின்றது. பெரியவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, விரல்களை விரித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு மெதுவாக உள்ளே எடுத்தார்.

"கொண்டல்."

"கொண்டல் எண்டா, மாமா?"

"கிழக்காலை அடிக்கிற காத்து. வள்ளத்தை இந்திய எல்லைக்கு அங்காலை கொண்டுபோயிடும். அந்தப் பக்கத்தைக் காட்டு பாப்பம்."

அவள் விரலால் போனிலிருந்த வரைபடத்தை நகர்த்தினாள். புள்ளி திரையை விட்டுப் போனது. அவள் நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

"இதிலை ஒண்டுமே இல்லை மாமா. வெறும் நீலம்."