ஆறு கம்ப்யூட்டருக்கும் கனெக்‌ஷன்

திருவான்மியூரில் பஸ் ஏறி தி. நகர் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். திடீரென்று சொன்னார்: "அந்த ஒயர் இழுக்க வந்தவன் கை விளங்காம போவ!"

"இன்னாக்கா, அவன் இன்னா பண்ணான்?"

"எங்க பிராஞ்சுல ஆறு கம்ப்யூட்டர் கீது. என்னுதுல மட்டுந்தான் ஹெட் ஆபீஸ் நெட்வொர்க் வரும். மேனேஜரே பென் டிரைவை எடுத்துக்கினு வந்து, 'மேடம், இத்த கொஞ்சம் அனுப்பிடுங்க'ன்னு என் பக்கத்துல நிப்பாரு. நேத்து அவன் வந்து ஆறுக்கும் கனெக்‌ஷன் குடுத்துட்டான்."

"நல்லதுதானே? உனக்கு வேலை கம்மி."

"இன்னா நல்லது? சாயந்திரம் வரைக்கும் ஒருத்தி கூட என் டேபிள் பக்கம் வரல. புதுசா மாட்டின நெட்வொர்க் பொட்டிக்குச் சந்தனம், குங்குமம், சூடம். இத்தினி வருசம் ஒழைச்ச என் சிஸ்டத்துக்கு ஒரு பொட்டு கூட இல்ல. அதான் இன்னிக்கு வேணும்னே லீவு போட்டேன். நான் இல்லாம எப்படி ஓடுதுன்னு பாக்கறேன்."

"யாராச்சும் போன் பண்ணாங்களா?"

அவர் போனை எடுத்துப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். அடையாறு பாலத்தில் பஸ் ஏறும்போது போன் அடித்தது. "பாத்தியா, ஆபீஸ்தான்!" என்று முகமெல்லாம் சிரிப்பாக ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, இங்க எல்லாம் சூப்பரா ஓடுது. உங்க டேபிள் பிளக்குல டீ கெட்டில் போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கோ."

போனைப் பைக்குள் வைத்தார். தோழியிடம் திரும்பிச் சொன்னார்: "கேட்டுட்டுத்தான் போடறாளுங்க, பாரு."