அலை ஒதுக்கிய பல் செட்

பொழுது சாய்ந்து, எதிரே வருபவர் முகம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் வேளை. ஒரு பக்கம் கடல்... மறுபக்கம் ஆளரவமற்ற மணல்மேடு. நடுவில் ஒற்றைத் தார்ச்சாலை. அதில் ஒரு சுற்றுலா வேன் மட்டும் திரும்பிக்கொண்டிருந்தது. வெயில் தின்ற களைப்பில் எல்லோரும் உறக்கம். விழித்திருந்தது ஒரே ஒருவர். நம் தையல்காரர் இருக்கிறாரே, அவர் மனைவியின் அண்ணன்.

சற்று நெருங்கி உட்காருங்கள். பகலில் நடந்ததை முதலில் சொன்னால்தான் வேனில் நடந்தது விளங்கும்.

அவர் பல் செட் கட்டுகிறவர். கையில் கெட்டிக்காரர், வாயில் பொல்லாதவர். சொந்தப் பற்கள் சரம் கோத்ததுபோல் இருக்கும். அதனால் நண்பர்கள் வைத்த பெயர் முத்துப்பல். அந்தப் பற்களைக் காட்டிச் சிரித்தபடி அடுத்தவன் வாயை இளப்பமாகப் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

கடற்கரையில் பாய் விரித்து, குடை நட்டு, நண்பர்கள் காலை நீட்டிக் கிடந்தார்கள். ஒருவர் முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக் குறட்டை விட்டார். முத்துப்பல்லுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

“இதுக்கா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க? ஒரு வாளித் தண்ணில உப்பைக் கரைச்சுக் காலை விட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.”

“உங்க வாய்க்கு இந்தக் கடலே தேவலாம் மச்சான். கொஞ்ச நேரம் சும்மா கிடங்க,” என்றார் தையல்காரர்.

அப்போதுதான் ஓர் அலை வந்து, அவர் காலடியில் எதையோ உருட்டிவிட்டுப் போனது. கீழ்வரிசைப் பல் செட். பற்களின் இடுக்கெல்லாம் பாசி.

எடுத்துத் திருப்பினார். உள்பக்கம், ஈறு நிறத்தில் இருக்கும் பகுதியில், மீன்வால் போல் ஒரு கீறல். தான் கட்டும் ஒவ்வொரு செட்டிலும் அவரே போடுவது அது. கீழே வலது ஓரம் சொரசொரவென்று நீட்டிக்கொண்டிருந்தது. பார்த்ததும் ஆள் நினைவுக்கு வந்துவிட்டார். ஓய்வுபெற்ற தபால்காரர்.

“குத்துதுங்க... ஒரு வாய் சோறு எறங்கல. கொஞ்சம் ராவிக் குடுங்க,” என்று அந்த மனிதர் கடைப்படியில் வந்து வந்து நின்றார். அரத்தை எடுத்து நாலு இழுப்பு இழுத்தால் தீர்ந்திருக்கும். இவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “போகப் போகப் பழகிடும்.” அவ்வளவுதான்.

பிறகு அவர் வரவில்லை. கடலில் குளிக்கப் போனவர் கரையேறவே இல்லை என்று சேதி வந்தது. “நான் கட்டுன செட்டையும் சேர்த்துல்ல முழுகடிச்சிட்டான்!” என்றுதான் இவர் அலுத்துக்கொண்டார்.

“யாரோடதோ மச்சான். கடல்லயே போட்டுடுங்க.”

“போ மாப்ள! ராவி எவன் வாயிலயாவது மாட்டி விட்டுடலாம்.” சொன்னவர் செட்டை விரலிடுக்கில் பிடித்து டக் டக்கென்று ஆட்டி, கிழவர் குரலிலேயே இழுத்தார். “குத்துதுங்க... குத்துதுங்க...”

தூங்கிய தொப்பிக்காரர்கூட எழுந்து சிரித்தார். முத்துப்பல் செட்டைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது வேனுக்கு வருவோம்.

டக்... டக்...

முதலில் ஜன்னல் ஆட்டம் என்று நினைத்தார். அழுத்திச் சாத்தினார். டக்... டக்... பாசி நாற்றம். கூடவே ஈரச் சாந்தின் வாடை. வாயில் வைத்துப் பல் அச்சு எடுப்பார்களே, அந்த வாடை. சத்தம் வெளியிலிருந்து வரவில்லை. அவர் தாடைக்குள்ளிருந்து வந்தது.

வலது கீழ் ஈறில் சுருக்கென்று ஒரு குத்து.

சட்டைப்பையைத் துழாவினார். கைக்குட்டை நனைந்து சொட்டியது. உள்ளே ஒன்றுமில்லை.

“மாப்ள... எழுந்திரு. வாயில என்னமோ குத்துது.”

தையல்காரர் செல்போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தார். அதே முத்துப் பற்கள்தான். நாக்கைத் தூக்கச் சொன்னார். பல்வரிசைக்குப் பின்னால், உயிருள்ள ஈறில்... மீன்வால் போல் ஒரு கீறல்.

மருத்துவர் பார்த்தார். படம் எடுத்தார். “எல்லாம் உங்க சொந்தப் பல்லுதான். ஒரு குறையும் இல்லை,” என்று அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு முத்துப்பல் சோறு உண்ணவில்லை. கஞ்சியும் இறங்கவில்லை. கடைக்குள் போய் ஷட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து சர்க்... சர்க்... என்று ராவும் சத்தம் மட்டும்.

தையல்காரர் ஷட்டரைத் தூக்கினார். கண்ணாடிக்கு முன்னால் முத்துப்பல். தொண்டை வரை திறந்த வாய்க்குள் அரம். மடியெல்லாம் வெள்ளைப் பொடி. பாதிப் பற்கள் ஈறுவரை தேய்ந்துபோயிருந்தன. சட்டையில் ரத்தம். கண்ணில் நீர் வழிய, கை நிற்காமல் ராவிக்கொண்டிருந்தது.

“ஐயோ மச்சான்! என்ன பண்றீங்க?”

அரம் வாயில் இருக்கும்போது எப்படிப் பேசுவார்? அவர் பேசவில்லை. நாக்கு அசையவில்லை.

ஆனாலும் அந்த வாய்க்குள்ளிருந்து, நிதானமாக, இன்னொரு குரல் பதில் சொன்னது.

“போகப் போகப் பழகிடும்...”